சாய்வு சைக்கிளின் சிவப்புக் கொடி

ராசா,

உன் இன்லேண்ட் லெட்டர் முந்தாநாள் வந்தது. பிரிக்கிற அவசரத்தில் ஓரத்தில் இரண்டு வரியைக் கிழித்துவிட்டேன். அப்புறம் கிழிந்த துண்டைப் பக்கத்தில் வைத்துச் சேர்த்துப் படித்தேன். அம்பத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வருவதில் முதுகு மறுபடியும் பிடித்துக்கொள்கிறது, அதனால் வேலை பார்க்கிற இடத்து நண்பர்களோடு சேர்ந்து பழைய மாதிரியே ஒரு சாய்வு சைக்கிள் செய்துவிட்டேன், ஒன்றாம் தேதியிலிருந்து வேலைக்கு அதில்தான் போகப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஒயர் சீட்டின் அளவு கேட்டிருக்கிறாய். கடைசியில், அந்தக் கிழிந்த துண்டில் இதுவும் இருந்தது: 'அப்பாகிட்ட சொல்லாதம்மா. கொடி கட்டித் தர்றேன்னு கிளம்பி வந்துடுவார். அவர் கொடி கட்டின லட்சணத்தைத்தான் பார்த்தோமே.'

இரண்டு நாளாக அந்தத் துண்டை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். அளவு எடுத்துவிட்டேன். நீளம், அகலம், ஒயர் எத்தனை ரோல் எல்லாம் தனிச்சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அதை மட்டும் அனுப்பிவிட்டு இருக்க முடியாது. மூன்றரை வருடமாக நான் சொல்லாமல் வைத்திருப்பதை இன்றைக்கு எழுதித்தான் ஆகவேண்டும். அப்பாவுக்கு இந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட். இரண்டரை மணிக்கு வந்துவிடுவார். இப்போது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. காலை சைரன் ஊதி, சைக்கிளெல்லாம் போய், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போய்விட்டால், இந்த பிளாக்கில் சத்தமே இருக்காது என்பது உனக்குத் தெரியும். நீ இங்கே இருந்தவரை அந்த அமைதி எனக்கு ஓய்வாக இருந்தது. இப்போது பக்கத்து குவார்ட்டர்ஸில் குழாய் திறந்தால்கூட யாரோ பேசுகிறார்கள் என்று எழுந்து பார்க்கிறேன்.

எனக்கும் உனக்கும் இருபது வயதுதான் வித்தியாசம். பி.எஸ்ஸி. கடைசி வருடப் பரீட்சையை உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு எழுதினேன். பௌதிகம். ஒளி எப்படிப் போகிறது, கண் எதைப் பார்க்கும் எதைப் பார்க்காது என்றெல்லாம் படம் போட்டுப் பாகம் குறித்தவள்தான் நான். அந்தப் படிப்போடு விருதுநகரிலிருந்து இந்த நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் வந்து இறங்கினேன். தெருவில் ஒருவர்கூட உறவில்லை. எல்லா வீடும் ஒரே அச்சு. முதல் மாதத்தில் கறிகாய் வாங்கிக்கொண்டு வேறொருவர் குவார்ட்டர்ஸுக்குள் போய் அடுப்படி வரைக்கும் நுழைந்துவிட்டேன். அப்படிப்பட்ட ஊரில் எனக்கு வாய்த்த ஒரே ஆள் நீதான். அதனால்தான் உன்னைப் பற்றி இவ்வளவு பயம். ஆறாவது படிக்கும்போது நீ சைக்கிள் பழகினாயே, ஞாபகம் இருக்கிறதா? நன்றாக ஓட்டப் பழகிய பிறகும் கேரியரை விடாமல் பின்னாலேயே ஓடி வந்தேன். 'விடும்மா, நீ பிடிச்சிருக்கிறதாலதான் ஆடுது' என்று கத்தினாய். நான் விடவில்லை. என் புடவைத் தலைப்பு சக்கரத்தில் சுற்றி இரண்டு பேரும் விழுந்தோம். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

உனக்கு முதுகில் தட்டு விலகியது பாலிடெக்னிக் முதல் வருடம். ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர், 'குனிந்து ஓட்டுகிற சைக்கிள் கூடாது, பஸ்ஸில் குலுங்கவும் கூடாது' என்றார். அப்புறம் எப்படித்தான் படிக்கப் போவது என்று நான் கேட்டதற்கு அவர் அடுத்த சீட்டைக் கூப்பிட்டார். நீதான் லைப்ரரியில் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் பார்த்துவிட்டு வந்து, நோட்டில் வரைந்து அப்பாவிடம் நீட்டினாய். ஆள் நாற்காலியில் சாய்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார், கால் முன்னால் நீட்டியிருக்கிறது, பெடல் முன் சக்கரத்துக்கும் முன்னால். அப்பா அரைமணி நேரம் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'ரெண்டரை சைக்கிள் செயினைச் சேர்த்தாத்தான் நீளம் வரும்டா' என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன சம்மதம். மூன்று மாதம் வாராந்திர லீவையெல்லாம் வடக்குத்து வெல்டிங் கடையில் கழித்தார். நான் பச்சையும் வெள்ளையுமாகக் கூடை ஒயரில் சீட் பின்னித் தந்தேன். நாம் மூன்று பேரும் சேர்ந்து செய்த ஒரே பொருள் அது. அந்த மூன்று மாதம் மாதிரி இந்த வீட்டில் பேச்சும் சிரிப்பும் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

வண்டி தயாரானதும் நீ ரோட்டுக்குப் போகத் துடித்தாய். அப்பா விடவில்லை. மைன்ஸுக்குள்ளே ஜீப் போகிறது என்றால் அதற்கு ஆள் உயரத்துக்கு மேலே கம்பி நட்டுக் கொடி கட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே விட மாட்டார்கள், மண் அள்ளுகிற டம்பர் லாரியில் மேலே உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கீழே நிற்கிற ஜீப் தெரியவே தெரியாது என்று சொன்னார். 'ஜீப்புக்கே அப்படின்னா நீ எம்மாத்திரம்? ரோட்டுல ஒரு ஆள்ல பாதி உயரம்கூட இல்லை.' நீ சிரித்தாய். நானும் கொஞ்சம் சிரித்தேன். அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை நம் இரண்டு பேரையும் ஷிப்ட் பஸ் நிற்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். தெரிந்த டிரைவர் ஒருவரிடம் சொல்லி, புடவையோடு என்னை டிரைவர் சீட்டில் ஏற்றி உட்காரவைத்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. 'பார்த்தும்மா, ஹாரன்ல கை வெச்சுடாதீங்க, மொத்த ஷிப்டும் ஓடியாந்துடும்' என்றார் அந்த டிரைவர். நீ பஸ்ஸின் இடப்பக்கம், முன் சக்கரத்தை ஒட்டி வண்டியில் சாய்ந்திருந்தாய். 'பையன் தெரியறானா?' என்று அப்பா கீழே இருந்து கேட்டார். எட்டிப் பார்த்தேன். தெரியவில்லை. எழுந்து நின்று பார்த்தேன். தெரியவில்லை. என் பிள்ளை அங்கேதான் இருக்கிறான், நான்கு அடி தூரத்தில் 'அம்மா இங்கதாம்மா' என்று கத்துகிறான், கண்ணாடிக்கு வெளியே காலி ரோடுதான் இருக்கிறது. அப்புறம் அப்பா வண்டியில் கொடிக் கம்பியைச் சொருகினார். கண்ணாடியின் கீழ் ஓரத்தில் சிவப்பாக ஒன்று எழும்பி ஆடியது. டிரைவர் சொன்னார்: 'இப்பத் தெரியுதுங்க சார். பையன் தெரியல, கொடி தெரியுது. அது போதும், நாங்க பிரேக்ல கால் வெச்சுடுவோம்.'

ஏன் சிவப்பு என்று நான் கேட்டேன். கரித்தூளிலும் புழுதியிலும் அதுதான் கண்ணில் படும் என்றார். நைலான் கயிற்றால் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் கொடியைக் கட்டினார். அவர் கட்டுகிற முடிச்சு எப்படியிருக்கும் என்று உனக்கே தெரியும். மைன்ஸில் கரி ஓடுகிற கன்வேயரில் இருபது வருடம் ஃபிட்டர். 'நான் பூட்டினது கழலாது' என்பது ஒன்றுதான் அவர் வாயிலிருந்து வருகிற பெருமைப் பேச்சு.

இனி நான் எழுதவேண்டியதை எழுதுகிறேன். நடுவில் அடுப்பில் இருப்பதை இறக்கிவைக்க எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

நீ அந்த வண்டியில் ஐந்து மாதம் போய்வந்தாய். முதுகு வலி குறைந்தது, முகம் தெளிந்தது. ஆனால் தெருவில் என்ன பேசினார்கள் என்பது உனக்குத் தெரியாது. எதிர் குவார்ட்டர்ஸ் அஞ்சலை, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள், ஒருநாள் வாசலில் நின்று சொன்னாள்: 'இன்னாக்கா, புள்ள படுத்துக்கினே போவுது? கால முன்னாடி நீட்டிக்கினு... தப்பா நெனைக்காதீங்க, காலைல கண்ண முழிச்சிப் பார்த்தா திக்குனு இருக்குது.' அவள் சொல்லாமல் விட்டது எனக்குக் கேட்டது. கால் முன்னால் நீட்டி, மல்லாந்து, தெருவோடு போகிறவர்கள் யார் என்று எனக்கும் தெரியும். அன்றிலிருந்து நீ கிளம்பும்போதெல்லாம் நான் வாசலுக்கு வராமல் அடுப்படியிலேயே நின்றுகொண்டேன். எனக்கு வேலை இருக்கிறது என்று நினைத்திருப்பாய்.

அப்புறம் சங்கத் தேர்தல் வந்தது. தேர்தல் வந்தால் டவுன்ஷிப் எப்படி ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரத்துக்கு மரம் கொடி, வாசல் மீட்டிங், எந்த வீட்டில் யார் டீ குடித்தார்கள் என்பதுகூடச் சேதி. அப்பா எந்தச் சங்கத்துப் பக்கமும் தலை வைக்காதவர். அடுத்த மாதம் அவருக்கு ஃபோர்மேன் இன்டர்வியூ. பதினோரு வருடம் காத்திருந்து வந்த இன்டர்வியூ. அப்போதுதான் அஞ்சலை மறுபடியும் வந்தாள். 'எங்க வூட்டுக்காரரு கேக்குறாருக்கா, உங்க வூட்ல செவப்புச் சங்கத்துல சேந்துட்டாங்களான்னு. புள்ளகிட்ட கொடியக் குடுத்து தெனிக்கும் ஊர்கோலம் வுடுறாரே, துட்டு எதுனா தராங்களாமா?' என்று சிரித்தாள். வேடிக்கைக்குத்தான் சொன்னாள். எனக்கு இன்டர்வியூதான் ஞாபகம் வந்தது. வேறு எந்த ஊரிலாவது ஒரு சைக்கிளில் சிவப்புத் துணி கட்டினால் அது துணி. இங்கே, அந்த மாதத்தில், அது அப்பாவின் கையெழுத்து.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அப்பா காலை ஷிப்டுக்குப் போன பிறகு, நீ குளித்துக்கொண்டிருக்கும்போது, பின்வாசலில் நின்ற வண்டியிலிருந்து கொடியை நான் எடுத்தேன். கையால் அவிழ்க்கப் பார்த்தேன். நகம் பிய்ந்ததே தவிர முடிச்சு அசையவில்லை. தையல் மெஷின் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து கயிற்றை வெட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மெயின் பஜாரில் மஞ்சள் துணி வாங்கி வேறு தைத்துவிடலாம், நடுவில் இரண்டே நாள்தானே, அப்பாவிடம் மத்தியானம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உன்னிடம் சொன்னால் நீ சண்டை பிடிப்பாய், தெருவுக்குக் கேட்கும் என்று சொல்லவில்லை. கொடி உன் தலைக்குப் பின்னால், உயரத்தில். சாய்ந்து உட்கார்ந்தால் நீ திரும்பிப் பார்க்கவே முடியாது. நேரமாகிவிட்டது என்று ஓடிவந்து ஏறி, மேலே பார்க்காமலே வெறும் கம்பியோடு நீ போனாய். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து பார்த்தவள் நான். அஞ்சலைக்குத் தெரியாது, தெருவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மீதி உனக்குத் தெரிந்ததுதான். டபுள் ரோடு திருப்பத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர் உன் பக்கமே திரும்பியது. காலில் இரண்டு இடத்தில் முறிவு. டிரெய்லர் சக்கரம் உன் தோளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அந்த டிராக்டர்காரர், குறிஞ்சிப்பாடி பக்கத்து ஆள், ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, 'சத்தியமா கண்ணுக்கே ஆப்புடலீங்கம்மா. ஒரு வெறுங்கம்பி ஆடிக்கினு வந்துச்சு. யாரோ டி.வி. கம்பி வாங்கிக்கினு போறாங்கன்னு நெனச்சிட்டேங்க' என்றார். நான் அவரைத் திட்டினேன். எல்லோர் முன்னாலும், சத்தம்போட்டுத் திட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

அப்பா ஷிப்டிலிருந்து நேராக வந்தார். உன்னைப் பார்த்தார், பிறகு வெளியே போய் வண்டியைப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆளைக் காணோம். டபுள் ரோடு திருப்பத்திலிருந்து நம் வீடு வரைக்கும், ரோட்டின் இரண்டு பக்கமும், சாக்கடை, புதர் எல்லாம் குனிந்து குனிந்து கொடியைத் தேடிக்கொண்டே நடந்திருக்கிறார். அஞ்சலைதான் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். திரும்பி வந்து வார்டில் உன் கால்மாட்டில் நின்றுகொண்டு, 'கழண்டு விழுந்திருக்கு. நான் கட்டினது' என்றார். நீ வலியில் இருந்தாய். 'நல்லாத்தான் கட்டினீங்கப்பா' என்றாய். அப்போது நான் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஆரஞ்சு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொடி வீட்டில் மெஷின் டிராயரில் இருந்தது. வாயைத் திறந்திருந்தால் இரண்டு வார்த்தை. முதல் நாள் பயம், கால் போய்விடுமோ என்கிற நிலையில் இதைச் சொல்வதா என்று. இரண்டாம் நாள் வெட்கம். ஒரு வாரம் ஆன பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று சொல்லவில்லை. அப்படியே மூன்றரை வருடம் ஆகிவிட்டது.

இன்டர்வியூ நாளில் அவர் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார். அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, அதற்குப் பிறகு அவர் கன்வேயர் வேலையிலிருந்து ஸ்டோர்ஸுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டது. உடம்புக்கு முடியவில்லை என்று உன்னிடம் சொன்னோம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. போல்ட் ஒன்றைப் பூட்டிவிட்டு, மூன்று தரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாராம், கூட இருக்கிறவர்கள் கேலி பண்ணுகிறார்களாம். வீட்டில் துணி காயப்போடுகிற கயிறு கட்டுவதற்குக்கூட, 'நீயே கட்டு' என்று என்னிடம் தந்துவிடுகிறார். நீ சென்னைக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் உன் படுக்கையைக் கட்ட அவர் கயிற்றை எடுத்தார். 'வேணாம்பா, நானே கட்டிக்கிறேன்' என்று நீ அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாய். மெதுவாகத்தான் வாங்கினாய். பஸ் போன பிறகும் அவர் கை அப்படியே கொஞ்ச நேரம் விரிந்திருந்தது. அன்றிலிருந்து இங்கே நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் தனித்தனியாகச் சாப்பிடுகிறோம், ஒரே தட்டுமுட்டுச் சாமான்களோடு.

நான் உனக்குப் புத்தி சொல்லத் தகுதி இழந்தவள். ஆனாலும் நீ ஒன்றாம் தேதி ரோட்டில் இறங்கப்போகிறாய், நான் சொல்லாமல் இருக்க மாட்டேன். இவையெல்லாம் அப்பா உனக்குச் சொன்னவைதான். அப்போது நீ சைக்கிளைத் துடைத்துக்கொண்டு பாதிக் காதால் கேட்டாய், நான் முழுக் காதால் கேட்டேன். ரோட்டின் ஓரத்தை ஒட்டி ஒளிந்துகொண்டு போகாதே. ஓரத்தில் நிற்கிற வண்டிக்குப் பின்னாலிருந்து நீ திடீரென்று முளைத்தால் யாரும் தயாராக இருக்க மாட்டார்கள். கொஞ்சம் உள்ளே தள்ளி, நேர்க்கோட்டில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் போ. நிற்கிற பஸ்ஸின் இடப்பக்கம் எக்காரணம் கொண்டும் நுழையாதே, அந்த இடத்தில் நீ இல்லாதவன். அதை நான் கண்ணால் பார்த்தவள். திருப்பத்தில் டிரைவரின் முகத்தைத் தேடு. அவன் கண் உன் கண்ணைப் பார்த்தால்தான் அவன் உன்னைப் பார்த்தான் என்று அர்த்தம், இல்லாவிட்டால் நின்றுவிடு. இரண்டு பக்கமும் கண்ணாடி வை, உன்னால் திரும்ப முடியாது. மேட்டில் கிளம்புவதற்கு நேரமாகும், சிக்னலில் முதல் ஆளாக நிற்கப் பார்க்காதே. பெல்பாட்டம் பேன்ட்டை விட்டுத் தொலை, செயின் உன் கால் நெடுக ஓடுகிறது. நாய்க்கு உன் முகம் சரியான உயரத்தில் இருக்கிறது, நம் பிளாக் நாய் ஒன்று உன் மூக்கை நக்கிய கதை அங்கேயும் நடக்கும். பொழுது சாய்ந்தால் பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் கிளம்பாதே. எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டை விட்டு இறங்குவதற்கு முன்னால் ஒரு சுற்று சுற்றி வந்து, கொடி இருக்கிறதா என்று உன் கண்ணால் பார். யார் கட்டியிருந்தாலும் பார். உன்மேல் எவ்வளவு பிரியம் உள்ளவர் கட்டியிருந்தாலும் பார்.

இப்போது மணி பன்னிரண்டு. டிராயரிலிருந்து கொடியை எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். கொஞ்சம் வெளுத்திருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறது. வெட்டிய கயிறும் அதோடேயே இருக்கிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டு முடிச்சும் அவர் போட்டபடியே இருக்கின்றன. கொடி உன்னிடம் வந்ததும் நீயே பார். வெட்டின இடம் பக்கத்தில் இருக்கிறது, அது என் கத்தரி.

சொல்லாதே என்று நீ எழுதினாய். நான் சொல்லப்போகிறேன், ராசா. இரண்டரைக்கு அவர் வந்து, கை கால் கழுவிச் சாப்பிட்ட பிறகு, உன் கடிதத்தையும் இந்தக் கடிதத்தையும் இந்தக் கொடியையும் அவர் முன்னால் வைப்பேன். கோபப்பட்டால் படட்டும். எழுந்து வெளியே போனாலும் போகட்டும், அதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன். இந்தக் கடிதத்தைச் சாயங்காலமே தனியாகத் தபாலில் போட்டுவிட்டு, ஒயர் ரோல், அளவுச் சீட்டு, கொடி மூன்றையும் பழைய வேட்டித் துணியில் வைத்து, பக்கத்தில் நைலான் கயிற்றைப் போட்டு வைப்பேன். கட்டித் தரச் சொல்லிக் கேட்க மாட்டேன். நாளை மறுநாள் காலை வரைக்கும் கயிறு அப்படியே கிடந்தால் நானே கட்டி அனுப்பிவிடுவேன்.

பார்சல் வந்தால் முதலில் கயிற்றைப் பார். தொட்டதும் அவிழ்ந்தால் அது நான் கட்டியது. அப்படியென்றால் ஒன்றாம் தேதிக்குப் பொறுத்துக்கொள், முதலில் ஒருதரம் ஊருக்கு வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போ. எவ்வளவு இழுத்தாலும் அசையாமல் நகம் வலித்தால், கத்தரிக்கோலை எடுக்காதே. உட்கார்ந்து, நிதானமாக, கையால் அவிழ்.

அம்மா